குழாய் வண்டியும் வாளி வண்டியும்

பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி வீடாக்க நினைப்பவர் முதல் வேலையாக இருக்கைகளைக் கழற்றுவார். கழற்றி முடித்ததும் நீளமான வெறுந்தரை கிடைக்கும். சாக்குக் கட்டியை எடுத்துக் கட்டில் இங்கே, அடுப்பு அங்கே, குளியலறை பின்னால் என்று கோடு போட்டுப் பார்ப்பது அந்த வாரத்தின் சந்தோஷம். அடுத்த வாரம் ஒரு பழைய அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நுழைவார். போட்ட கோட்டில் பாதி அங்கே அழிந்துவிடும்.

முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். நடுவில் பின்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட். ஒரு பக்கம் சைலன்சர் குழாய், இன்னொரு பக்கம் பேட்டரிப் பெட்டி, டீசல் டேங்க், ஏர் பிரேக்குக்கான காற்றுக் கலன்கள். இவை போக மிஞ்சும் பொந்துகளில்தான் கழிவுநீர்த் தொட்டி தொங்க வேண்டும். தொலைதூரப் பயணப் பேருந்துகளுக்குக் கீழே சாமான் அறை உண்டு. தொட்டியை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். பெரும்பாலான பள்ளிப் பேருந்துகளுக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்காவில் இப்படி வீடாக மாற்றிய பள்ளிப் பேருந்தை ‘ஸ்கூலி’ என்கிறார்கள். ஸ்கூலி கட்டுகிறவர்கள் ஓயாமல் வாதாடும் விஷயங்களில் ஒன்று கழிப்பறை. தண்ணீர் ஊற்றி அடிக்கும் கழிப்பறையும் அதற்கொரு தொட்டியும் வேண்டுமா, அல்லது சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறையோடு முடித்துக்கொள்ளலாமா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட அதை எங்கே, எப்படி, யார் காலி செய்வது என்பதே பெரிய கேள்வி என்று தெரியவரும்.

இரண்டு வண்டிகள்

வசதிக்காக இரண்டுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம்.

முதலாவது குழாய் வண்டி. இதற்கு இரண்டு கழிவுத் தொட்டிகள். கழிப்பறையிலிருந்து விழுவது மலநீர்த் தொட்டிக்குப் போகும். அமெரிக்கர்கள் அதை ‘பிளாக் டேங்க்’ என்பார்கள். சமையல் தொட்டி, முகம் கழுவும் பேசின், குளியல் ஆகியவற்றின் தண்ணீர் கழுவுநீர்த் தொட்டிக்குப் போகும்; அது ‘கிரே டேங்க்’. இரண்டும் தனித்தனிக் கேட் வால்வு வழியாக ஒரே வாயில் வந்து சேரும். அந்த வாயில் 3 அங்குல நெளிகுழாயை மாட்டிக் கழிவுக் குழியில் இறக்குவார்கள்.

இரண்டாவது வாளி வண்டி. இதற்குக் கழுவுநீர்த் தொட்டி மட்டும்தான். கழிப்பறை என்பது ஒரு பெட்டி. உட்காரும் இடத்துக்குக் கீழே முன்பக்கம் சரிந்த கிண்ணம் சிறுநீரை வாங்கிக் கேனுக்கு அனுப்பும்; மலம் பின்னாலுள்ள வாளியில் விழும். வாளியில் தென்னை நார்த்துகளோ பீட் பாசியோ இருக்கும். அமெரிக்காவின் ‘நேச்சர்ஸ் ஹெட்’, சுவீடனின் ‘செப்பரெட்’ ஆகியவை இதில் பேர்போன தயாரிப்புகள். கைவேலை தெரிந்தவர்கள் பிரிப்புக் கிண்ணத்தை மட்டும் வாங்கி, மரப்பெட்டியும் 5 கேலன் வாளியும் வைத்துத் தாமே செய்துகொள்வதும் உண்டு.

வாளி வண்டிக்காரர்களும் தொட்டியிலிருந்து தப்பவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம். கடைசியில் எல்லாக் கணக்கும் அந்தக் கழுவுநீர்த் தொட்டியில்தான் வந்து முட்டும்.

இடமும் எடையும்

40 கேலன் தொட்டி என்றால் 151 லிட்டர். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரமுள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்தால் அளவு பிடிபடும். நிறைந்தால் உள்ளிருப்பது மட்டும் 151 கிலோ.

பெரிய பள்ளிப் பேருந்து தன் எடையோடு சேர்த்துப் பத்து டன்னுக்கு மேல் தாங்கும். 150 கிலோ அதற்குப் பெரிய சுமை அல்ல. எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் தொல்லை. நல்ல தண்ணீர்த் தொட்டி வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலும் கழிவுத் தொட்டிகள் இடப்பக்கமும் இருந்தால், பயணம் தொடங்கியபோது வலப்பக்கம் சாய்ந்த வண்டி நான்கு நாளில் இடப்பக்கம் சாயும். தண்ணீர் வண்டிக்குள்ளேயே குடிபெயர்கிறது. அதனால் நல்ல தண்ணீரையும் கழிவுநீரையும் கூடியமட்டும் ஒரே பக்கத்தில், ஒரே அச்சுக்கு அருகில் வைப்பது கெட்டிக்காரத்தனம்.

குழாய் வண்டிக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. ஆர்.வி. எனப்படும் வீட்டுவண்டிகளின் கழிப்பறையில் நம் வீட்டுக் கழிப்பறைபோல வளைந்த நீர்ப்பூட்டு கிடையாது. கிண்ணத்தின் அடியில் ஒரு மூடி. மிதியை அழுத்தினால் திறந்து, உள்ளிருப்பது நேரே கீழே விழும். ஆகவே கழிப்பறை தொட்டியின் தலைக்கு நேர்மேலே இருப்பதே உத்தமம். பக்கவாட்டில் குழாய் ஓட்ட வேண்டியிருந்தால் அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். அதுவும் சிறு தூரத்துக்குத்தான். நேர்கீழே டிரைவ் ஷாஃப்ட் ஓடினால் குளியலறையையே நகர்த்த வேண்டும். சாக்குக் கோடு அழிவது இதனால்தான்.

வாளி வண்டியில் கழிப்பறை எங்கே வேண்டுமானாலும் உட்காரும். அதற்குத் தேவை காற்றுப்போக்கிக்கு ஒரு சிறு துளையும் 12 வோல்ட் மின்சாரமும்தான். கழுவுநீர்க் குழாய் ஒல்லி. ஒன்றரை அங்குலம் போதும். அதை வளைத்து நெளித்துக் கொண்டுபோகலாம். மலநீர்த் தொட்டிக்கு ஒதுக்கியிருந்த பொந்தும் மிச்சம். இடக்கணக்கில் வாளி வண்டிக்கே வெற்றி.

தொட்டி எதனால் ஆனது என்பதில் இரண்டு வண்டிகளுக்கும் வேறுபாடு இல்லை. நம் மாடிகளில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ் தொட்டியைப்போல, அச்சில் சுழற்றி வார்த்த பாலிஎத்திலீன் தொட்டிதான் பெரும்பாலோர் தேர்வு. துரு ஏறாது, விலை குறைவு. ஆனால் அதில் பசை ஒட்டாது. குழாய் வாயைச் சூடேற்றிப் பற்றவைக்க வேண்டும், இல்லையேல் ரப்பர் வளையம் போட்டு இறுக்க வேண்டும். நிறைந்தால் வயிறு தொங்கும் என்பதால் இரண்டு பட்டையில் கட்டித் தொங்கவிடாமல், இரும்பு ஆங்கிளால் கட்டில்போலச் செய்து அடிமுழுவதும் தாங்கவைப்பார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியைப் பொந்தின் வடிவத்துக்கேற்பச் செய்யலாம். செலவும் கூடும், பற்றவைத்த விளிம்புகள்மேல் ஒரு கண்ணும் வேண்டும்.

எத்தனை நாள் தாங்கும்?

இருவர் வசிக்கும் வண்டி என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். சிக்கனக்காரர்கள், உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசிக்கொள்கிறவர்கள். குளியலுக்கு இருவருக்கும் சேர்த்து 20 லிட்டர், பாத்திரத்துக்கு 8, கை, முகம், பல்லுக்கு 4. ஆக ஒரு நாள் கழுவுநீர் 32 லிட்டர். ஒரு வாளியில் குளித்து வளர்ந்த நம்மவருக்கு இது அதிசயமில்லை. ஷவருக்கு அடியில் வளர்ந்தவர்களுக்குத்தான் தவம்.

கழிப்பறைக்கு ஒரு நாளில் இருவருமாக 12 முறை, முறைக்கு ஒரு லிட்டர். இருவரின் சிறுநீர் 3 லிட்டர். மலத்தின் பங்கு சொற்பம். மொத்தம் 15 லிட்டர்.

குழாய் வண்டியில் தலா 151 லிட்டரில் இரண்டு தொட்டிகள் என்றால், மலநீர்த் தொட்டி நிறைய 10 நாள் ஆகும். கழுவுநீர்த் தொட்டி ஐந்தாம் நாளே நிறைந்துவிடும். வண்டி வாங்கும்போது எல்லோரும் கவலைப்படுவது மலநீரைப் பற்றி. வண்டியைக் கிளப்பிக்கொண்டு கழிவுக் குழி தேடிப் போகவைப்பதோ பாத்திரம் கழுவிய தண்ணீர். பாதி காலியான மலநீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டுதான் அந்தப் பயணம் நடக்கும்.

வாளி வண்டியில் மலநீர்த் தொட்டியின் இடத்தையும் கழுவுநீருக்கே கொடுத்தால் 302 லிட்டர். ஒன்பது நாள் தாங்கும். கழிப்பறையில் ஊற்றும் 12 லிட்டரும் மிச்சம் என்பதால், குடிக்கவும் சமைக்கவும் 6 லிட்டர் சேர்த்து, நல்ல தண்ணீர்த் தேவை ஒரு நாளைக்கு 50 லிட்டரிலிருந்து 38 ஆக இறங்கும். ஆனால் ஒன்பது நாளுக்கு 38 லிட்டர் என்றால் 342 லிட்டர் நல்ல தண்ணீரைச் சுமக்க வேண்டும். அதைச் சுமக்க இடமில்லாத வண்டியில் கழுவுநீர்த் தொட்டியை மட்டும் பெரிதாக்குவது வரவில்லாத வீட்டில் பெட்டகம் வாங்குவதுபோல.

உலர் கழிப்பறையால் கிடைக்கும் லாபம் இதுதான்: தண்ணீர் கொஞ்சம் மிச்சமாகிறது, அதைவிட, கழுவுநீருக்கு இடம் விடுபடுகிறது. ஆனால் ஒரு நாளைக்கு 3 லிட்டர் சிறுநீர் போகும் இடம் 8 லிட்டர் கேன். இரண்டரை நாளுக்கு ஒருமுறை அதைக் காலி செய்தாக வேண்டும். வாளி மூன்று வாரமோ அதற்கு மேலுமோ தாங்கும், கேன் தாங்காது. தொட்டியின் 10 நாளை விற்று கேனின் இரண்டரை நாளை வாங்கியிருக்கிறார்கள்.

ஒன்றுக்குத் தண்ணீர் உயிர், மற்றதற்குப் பகை

நாற்றத்தில் இரண்டும் நேரெதிர். மலநீர்த் தொட்டியில் சிக்கனம் கூடாது. தண்ணீர் குறைந்தால் மலமும் காகிதமும் கழிப்பறைக்கு நேர்கீழே புற்றுபோலக் குவிந்து இறுகும். அந்தக் கோபுரத்தை இடிக்க வழி தேடி அலைந்தவர்கள் ஏராளம். கழிவுக் குழாய் இணைப்புள்ள முகாமில் நிற்கும்போது வால்வைத் திறந்தே வைத்துவிட்டால் நீர் ஓடிவிடும், கெட்டி மட்டும் தங்கும்; கோபுரம் சீக்கிரம் எழும்பும். வால்வை மூடிவைத்து, முக்கால் தொட்டி நிறைந்தபின் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். காலி செய்தபின் உடனே சில லிட்டர் தண்ணீரை ஊற்றித் தரையை நனைத்துவைக்க வேண்டும். தொட்டிச் சுவரில் திருகிய அளவுகாட்டிகளில் காகிதம் ஒட்டி, காலித் தொட்டியை நிறைந்ததாகக் காட்டுவதும் சகஜம். வெளிச்சுவரில் ஒட்டும் பட்டை அளவுகாட்டி அதைவிட மேல்.

கூரையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது கழிப்பறை மிதியை அழுத்திப் பாருங்கள். விசிறி வண்டிக்குள்ளிருந்து காற்றை இழுக்கிறது. திறந்த மூடி வழியாகத் தொட்டியின் காற்று மேலே பாய்ந்து வரும். அனுபவஸ்தர் முதலில் விசிறியை நிறுத்துவார், பிறகுதான் மிதிப்பார். தொட்டிக்குக் கூரைவரை ஒரு காற்றுக் குழாய் இல்லையென்றால் இந்தத் தந்திரமும் உதவாது.

உலர் கழிப்பறையில் ஒரு கை தண்ணீர்கூட வாளிக்குள் போகக்கூடாது. சிறுநீரும் மலமும் கலந்தால்தான் அந்தப் பெரிய நாற்றம் பிறக்கிறது. பிரித்துவைத்து, சிறு விசிறியால் இரவும் பகலும் காற்றை வெளியேற்றினால் மழைக்குப் பிந்தைய மண்வாடைபோல ஏதோ ஒன்றுதான் எஞ்சும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். விருந்தாளி வந்தால் இதை விளக்கியாக வேண்டும். விளக்கும்போது இருவர் முகமும் சுருங்கும். ஈரம் கூடிப்போனால் கொசுவைவிடச் சிறிய பூச்சிகள் வாளியில் குடியேறும்.

கழுவுநீர் இரண்டு வண்டிக்கும் பொது. அரிசி களைந்த நீர், எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு, முடி எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்தால் அது அழுகும். ஓடும் வண்டியில் பேசினுக்கு அடியிலுள்ள வளைகுழாய்த் தண்ணீர் சிதறி வற்றினால் அந்த வாடை நேரே சமையல் மேடைக்கு வரும். உலர் கழிப்பறை வாங்கியதோடு நாற்றம் தீர்ந்தது என்று நினைப்பவர் பாதித் தொல்லையைத்தான் தீர்த்திருக்கிறார்.

குளிரைப் பற்றி இரண்டு வரி போதும். அடியில் தொங்கும் தொட்டி உறையும்; முதலில் உறைவது வால்வு. தொட்டிக்குச் சூடேற்றும் பட்டை, சுற்றிலும் நுரை அட்டை என்று செலவு ஏறும். வாளி வண்டிக்குக் காப்பாற்ற ஒரு தொட்டிதான். குழாய் வண்டிக்கு இரண்டு.

காலி செய்யும் நேரம்

மேற்கு அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்றொரு சிறிய பாலைவன ஊர். குளிர்காலத்தில் நாடெங்கிலுமிருந்து வீட்டுவண்டிகள் அங்கே வந்து குவியும். ஊருக்கு வெளியே அரசு நிலத்தில் லா போசா என்ற நீண்டகாலத் தங்குமிடம் இருக்கிறது. கழிவுக் குழியும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குழி முன்னால் குழாய் வண்டி வந்து நிற்கும் காட்சி இது.

வண்டியின் வாய் குழிக்கு நேராக வரும்படி ஓட்டுநர் முன்னும் பின்னும் நகர்த்துவார். இறங்கிக் கையுறை மாட்டுவார். நெளிகுழாயின் ஒரு முனையைக் குழியில் செருகி, மறுமுனையை வண்டி வாயில் வைத்துக் கால் திருப்பு திருப்புவார். மலநீர் வால்வின் கைப்பிடியை இழுத்ததும் குழாய் உயிர் வந்ததுபோல ஒரு துள்ளு துள்ளும். வளைவில் கண்ணாடிபோன்ற ஒரு துண்டு உண்டு. அதில் நிறம் தெளியும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு அதை மூடிவிட்டுக் கழுவுநீர் வால்வு. சோப்புத் தண்ணீர் ஓடிக் குழாயை அலசிவிடும். முதலில் மலநீர், பிறகு கழுவுநீர் என்ற வரிசை இதற்காகத்தான். வண்டிப்பக்க முனையைத் தூக்கி, அடிமேல் அடியாக நடந்து மிச்சத்தைக் குழிக்குள் வடித்து, குழி ஓரத்தைக் கழுவிவிட்டால் முடிந்தது. பின்னால் நான்கு வண்டிகள் காத்திருக்கும். கால் மணி நேர வேலை. எதையும் தொட்டதில்லை, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

வாளி வண்டிக்காரரின் வேலை சின்னதாக, அடிக்கடி வரும். இரண்டு நாளுக்கொருமுறை காலையில் கேனைக் கழற்றி, மூடியைத் திருகி, ஒரு துணிப்பையில் போட்டு, பார்ப்பவர் கண்ணுக்குப் பால்கேன்போலத் தெரியட்டும் என்று பொதுக் கழிப்பறைக்குத் தூக்கிப் போவார். கவிழ்த்தால் குடுகுடுவென்று சத்தம் போடும். கொஞ்சம் வினிகர் ஊற்றிக் குலுக்குவார். இல்லாவிட்டால் உள்ளே உப்புப் படிந்து வாடை ஏறும். ஒரு நாள் மறந்தால் கேன் நிரம்பி வழிந்து பெட்டிக்குள் பரவும். அன்றைய காலை அத்தோடு போயிற்று. மாதத்துக்கொருமுறை வாளி. பார்க்க ஈர மண்போல இருந்தாலும் அது உரமல்ல. காய்ந்திருக்கிறதே தவிர மக்கவில்லை. குடற்புழு முட்டைகள் எளிதில் சாகாதவை. குளிர்ப் பகுதியில் இத்தகைய கழிவை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு சேமித்துவைத்த பிறகே பயன்படுத்தலாம் என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். ஓடும் வண்டியில் இரண்டு ஆண்டு எங்கே வைப்பது? பெரும்பாலும் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறார்கள். குழந்தைகளின் டயப்பரும் அங்கேதான் போகிறது என்பது அவர்கள் வாதம். அந்தந்த ஊர் விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவர்கள் கடமை.

இவ்வளவும் செய்த பிறகு அவரும் அதே குழி முன்னால் கழுவுநீருக்காக வரிசையில் நிற்க வேண்டும்.

விதி எந்தப் பக்கம்?

அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி ஒரு வண்டி ‘மோட்டார் ஹோம்’ ஆக ஆறு வசதிகளில் குறைந்தது நான்கு வேண்டும்: சமையல், குளிர்பதனம், தற்சார்புக் கழிப்பறை, வெப்பமோ குளிரூட்டலோ, குழாயும் பேசினும் கூடிய குடிநீர் அமைப்பு, தனி மின்சாரமோ எரிவாயுவோ. கழிப்பறை கட்டாயமல்ல, ஆறில் ஒன்று. இந்தக் கணக்கில் இரண்டு வண்டிகளும் தேறிவிடலாம்.

தங்குமிடத்தில்தான் வித்தியாசம். லா போசா போன்ற நீண்டகாலத் தங்குமிடங்களின் பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அங்கே தற்சார்பு வண்டி என்றால் குறைந்தது 10 கேலன், அதாவது 38 லிட்டர் கொள்ளும் கழிவுநீர்த் தொட்டி வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும். கையில் தூக்கும் கழிப்பறைப் பெட்டி கணக்கில் சேராது. அத்தகைய தொட்டி இல்லாதவர் பொதுக் கழிப்பறைக்கு 500 அடிக்குள் நிற்க வேண்டும். கழுவுநீரைக்கூட மண்ணில் விடக்கூடாது. குழாய் வண்டி கேள்வியில்லாமல் உள்ளே போகும். வாளி வண்டியின் கழுவுநீர்த் தொட்டி ஒன்றே போதுமா என்பதை வாசலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. விதி எழுதியவர்கள் மனதில் இருந்தது தொட்டியும் குழாயும்தான்.

கழுவுகிறவர்களின் கணக்கு

இந்த விவாதம் முழுவதும் காகிதத்தால் துடைப்பவர்களுடையது. தண்ணீரால் கழுவும் தமிழ்க் குடும்பம் ஒன்று இந்த வண்டியில் ஏறினால் தராசு சட்டென்று சாய்கிறது.

உலர் கழிப்பறைக்கு நாம் புதியவர்கள் அல்ல. வாளிக்குள் போடும் தென்னை நார்த்துகள் கட்டிகள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் பெருமளவில் உலகுக்குப் போகின்றன. பொள்ளாச்சிப் பக்கம் நார் உரித்தபின் குப்பையாகக் குவிந்து கிடந்த துகள்தான் இன்று கட்டியாகிக் கப்பலேறுகிறது. சிறுநீர் பிரிக்கும் கழிப்பறையையும் திருச்சி மாவட்டம் முசிறி பார்த்திருக்கிறது. ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் அங்கே கட்டிய ஈகோசான் பொதுக் கழிப்பறை, பயன்படுத்துவோரிடம் காசு வாங்காமல் அவர்களுக்கே சில்லறை கொடுத்ததாகச் செய்திகளில் அடிபட்டது. அந்த வகைக் கழிப்பறையில் சிறுநீருக்கு ஓரிடம், மலத்துக்கு ஓரிடம், கால் கழுவ மூன்றாவதாக ஓரிடம் உண்டு. மேல்நாட்டுப் பெட்டியில் அந்த மூன்றாவது இடம் இல்லை. நம் பழக்கம் அறிந்து கட்டியவர்கள் அதைச் சேர்த்தார்கள்.

வண்டியில் அந்த மூன்றாவது இடத்துக்கு வழி, பக்கத்திலுள்ள குளியல் தட்டில் போய்க் கழுவுவது. ஆனால் அந்தத் தண்ணீர் கழுவுநீர்த் தொட்டிக்குப் போனதும் அது வெறும் கழுவுநீர் அல்ல. மலம் கலந்த நீர். பெயர்ப்பலகை மட்டும் பழையது.

குழாய் வண்டியிலோ நம் பழக்கம் வரமாகிறது. கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழாய் வைத்தால் முறைக்கு அரை லிட்டர் கூடுதலாகத் தொட்டிக்குப் போகும். மலநீர்த் தொட்டி கேட்பதே அதைத்தான். காகிதம் ஏறக்குறைய இல்லை என்பதால் புற்று எழும்பாது, அளவுகாட்டியில் ஒட்டாது. 10 நாள் தாங்கிய தொட்டி ஏழு நாள் தாங்கும். கழுவுநீர் எப்படியும் ஐந்தாம் நாள் கிளப்பிவிடும் என்பதால் அந்தக் குறைவு உறைக்காது.

எதை எடுப்பது?

குழந்தைகளும் விருந்தாளிகளும் ஏறி இறங்கும் வண்டி, கழிவுக் குழாய் இணைப்புள்ள முகாம்களில் தங்கும் வண்டி, தண்ணீரால் கழுவுகிறவர்களின் வண்டி, நாளை விற்கும் எண்ணமுள்ள வண்டி: இவற்றுக்குக் குழாய். ஆளில்லாத நிலத்தில் வாரக்கணக்கில் நிற்க ஆசைப்படும் ஒருவரோ இருவரோ, தண்ணீர் கிடைப்பதே அரிதான இடம், கடுங்குளிர், அடியில் பொந்தில்லாத சிறிய பேருந்து: இவற்றுக்கு வாளி. வாளியைத் தேர்ந்தவர் விடுபட்ட பொந்தைக் கழுவுநீருக்குக் கொடுக்காவிட்டால் பாதிப் பலனை விட்டுவிடுகிறார். குழாயைத் தேர்ந்தவர் மலநீருக்கும் கழுவுநீருக்கும் சம அளவு தொட்டி வாங்கினால் கணக்குத் தவறியவர். இருவருக்கு மலநீர் 100 லிட்டர், கழுவுநீர் 200 லிட்டர் என்றால் இரண்டும் ஆறேழு நாளில் சேர்ந்து நிறையும். ஒரே பயணத்தில் இரண்டையும் காலி செய்யலாம்.

முடிவெடுக்கும் முன் தொட்டி விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரு வரைபடத்தை எடுப்பது நல்லது. போக நினைக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் கழிவுக் குழிகள் எங்கே, பொதுக் கழிப்பறைகள் எங்கே என்று குறித்துப் பார்த்தால் எந்த வண்டி என்பதைப் பாதி அந்த வரைபடமே சொல்லிவிடும்.

மீதிப் பாதியைச் சொல்வது நம் கை. நகரத்து வீட்டில் ஓர் இழு இழுத்ததோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கழிவை யார் தலையில் ஏற்றினோம் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்த பிறகும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சுத் திணறிச் சாவது நிற்கவில்லை. பேருந்து வீட்டில் அப்படி அனுப்ப வேறொருவர் இல்லை. வால்வை இழுப்பதும் கேனைத் தூக்குவதும் அங்கே வசிக்கிறவர்தான். எனவே கழிப்பறைக்குத் தரையில் சாக்குக் கோடு போடும்போது, அதை அடுத்த ஐந்தாண்டு யார் காலி செய்யப்போகிறாரோ அவர் கையில் சாக்குக் கட்டியைக் கொடுத்துவிடுவது நியாயம்.